பாடம் ஏழு: வீட்டில் கணவன் மனைவி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நான் நலமில்லை. பதினெட்டு நாளாக அங்கே உங்கள் தங்கை சமைப்பதால் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அவள் உங்களிடம் என்னென்ன சொன்னாளோ தெரியாது. என் பக்கத்தையும் கேட்டுவிட்டு அவளைத் தயவுசெய்து அனுப்பிவைக்க வேண்டும்.

எல்லாம் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணால் வந்த வினை. மொழியியலாம். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் வகுப்பும் எடுக்கிறாள். "பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரி எந்த வீட்லயும் பேசுறதில்ல சார். மொழியைத் தனியாக் குடுத்தா ஒட்டாது, அது புழங்குற பண்பாட்டையும் சேர்த்துத்தான் குடுக்கணும்" என்று சொல்லி, ஒரு மாதத்துக்கு எங்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்ன மெஷினை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். ஊரில் இத்தனை வீடு இருக்க என் வீட்டைத் தேர்ந்தெடுத்தாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் இரண்டு நாள் "இன்றைய உணவு மிகவும் சுவையாக உள்ளது" என்றெல்லாம் பேசினேன். உங்கள் தங்கை திரும்பிப் பார்த்து, "யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள். மூன்றாம் நாள் மெஷினை மறந்துவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மாதம் முடிந்ததும் எங்களை வகுப்புக்கு அழைத்தாள். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். பலகையில் 'பாடம் ஏழு: வீட்டில் கணவன் மனைவி' என்று எழுதியிருந்தது. மாணவர்களில் ஓய்வுபெற்ற விமானி ஒருவரும் ஒரு நர்ஸும் எழுந்து வந்தார்கள். விமானி நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்து, முகத்தைக் காட்டாமலே "டீ" என்றார். நர்ஸ் கொடுத்தாள். "சூடு இல்ல." "காலைலேர்ந்து எனக்குத் தலை சுத்துதுங்க." "உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?" "இல்ல, சும்மா சொன்னேன்." அப்புறம் வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்து அதையே மூன்று தடவை ஒப்பித்தார்கள், மச்சான். அதிலும் அந்த விமானி என் தொண்டைக் கனைப்பைக்கூட விடவில்லை.

"இதுலேர்ந்து பண்பாட்டைப் பத்தி என்ன தெரியுது?" என்று டீச்சர் கேட்டாள். மாணவர்கள் கை தூக்கினார்கள். "மனைவிக்குப் பேர் கிடையாது" என்றார் ஒருவர். "கணவர் கேட்காம மனைவி எதுவும் சொல்லக் கூடாது" என்றார் இன்னொருவர். "மனைவி பேச ஆரம்பிச்சா பேப்பரை இன்னும் மேல தூக்கணும்" என்றாள் நர்ஸ். எனக்கு மானம் போயிற்று. எழுந்து, "எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்றேன். பன்னிரண்டு பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு பண்பாட்டையே காட்டிக்கொடுத்தவன் நான்.

அப்புறம் டீச்சர் உங்கள் தங்கையிடம் அபிப்பிராயம் கேட்டாள். அழுவாள் என்று பயந்தேன். அவளோ நர்ஸிடம் போய், "நல்லாப் பேசுறம்மா. ஆனா அந்த 'சும்மா சொன்னேன்' இருக்கு பாரு, அதுக்கு முன்னாடி எதையோ முழுங்கணும். முழுங்கிட்டுச் சொல்லு" என்றாள். நர்ஸ் நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். நாலாவது தடவை அச்சு அசலாக வந்தது. உங்கள் தங்கை அவள் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். "அண்ணன் வீட்டுக்கா?" என்றேன். பதில் சொன்னாளா இல்லையா என்று ஞாபகமில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நான் லிஃப்ட் ஆய்வாளர். கயிறு அறுவதற்கு முன்னால் சத்தம் கொடுக்கும், காதைத் தீட்டி வையுங்கள் என்று ஊரெல்லாம் போய்ச் சொல்கிறவன். என் வீட்டுச் சத்தம் எனக்கே கேட்கவில்லையே.

இப்போது அந்த வகுப்பிலேயே மாணவனாகச் சேர்ந்துவிட்டேன். டீச்சர் எனக்கு மனைவி வேஷம்தான் கொடுக்கிறாள். அந்தப் பதில்களை ஒரு மணி நேரம் முழுங்கி முழுங்கிச் சொல்வதே பெரும்பாடாக இருக்கிறது, மச்சான். அவள் எப்படித்தான் இருபத்தாறு வருஷம் சொன்னாளோ. திருந்திவிட்டேன் என்று அவளிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அக்கா அவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் குறையில்லாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போதுதான் உங்கள் போன் வந்தது. "என்ன மாப்ளே, தங்கச்சி ஏன் போனே எடுக்க மாட்டேங்குறா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றீர்கள். "நல்லா இருக்கா, குளிச்சுக்கிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டேன். அது பொய். அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்துத்தான் மேலே இருப்பதையெல்லாம் எழுதினேன். உடனே மாடிக்கு ஓடினேன். "அவங்க நல்லா இருக்காங்க சார். எங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க ஆபீஸ் போனதும் தினமும் அந்த மெஷின்கிட்ட பேசியிருக்காங்க, மொத்தம் ஒன்பது மணி நேரம். அதை உங்களுக்கு மட்டும் போட்டுக்காட்டக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க" என்று சொல்லி டீச்சர் கதவைச் சாத்திவிட்டாள். இப்போது அதைப் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. உங்கள் தங்கை குரல் மேலிருந்து விடாமல் வருகிறது. நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்துவிட்டேன், வார்த்தை ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே உங்கள் தங்கை சிரிக்கிறாள், மச்சான்.