சாங்வியில் மின்தடை என்பதே இல்லை

அந்தப் பச்சைப் புள்ளியை வைத்தவன் எவன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் உளுந்தைக் கெடுத்தவன் அவன்தான். பாணேரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியின் ஏழாவது மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்து செய்தாயோ, வேறு எங்கே உட்கார்ந்து செய்தாயோ, ஐயா, உன்னைத்தான் சொல்லுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் போ.

மேற்படி புள்ளியின் வரலாறு பின்வருமாறு. முன்பெல்லாம் சாங்வியில் கரண்ட் போனால் லைன்மேன் தாவ்டேக்கு ஒரு போன். மனுஷன் மூங்கில் கழியோடு சைக்கிளில் வருவார், கம்பத்தில் ஒரு தட்டுத் தட்டுவார், என் கடையில் இட்லி சாப்பிடுவார், போய்விடுவார். இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய நாகரிகத்துக்குப் பொருந்தாது என்று மேலிடம் கருதியது. எனவே ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் ஒரு பெட்டி மாட்டப்பட்டது. கரண்ட் இருந்தால் மின்சார ஆபீஸ் கம்ப்யூட்டரில் பச்சைப் புள்ளி, போனால் சிவப்பு. சிவப்பு வந்தால்தான் ஆள் கம்பத்தில் ஏறலாம். மனுஷன் வாயால் சொன்னால் செல்லாது.

ஒரு வருஷம் ஓடியது. நாங்கள் பாதி நாள் விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு தடவைகூடச் சிவப்பு வரவில்லை. ஆகவே 'மின்தடையற்ற சாங்வி' என்று விழா எடுக்கத் தீர்மானமாயிற்று. விழாவுக்கு இட்லி என் பொறுப்பு. தூத்துக்குடியிலிருந்து இந்த மராட்டிய ஊருக்கு வெறுங்கையோடு வந்து, வாய்ப்பேச்சாலேயே கடை வைத்தவன் நான். பக்கத்து ஔந்த் ஓட்டல்காரனோடு மல்லுக்கட்டி அந்த ஆர்டரைப் பிடித்தேன். இட்லி நன்றாக இருந்தால் மின்சார ஆபீஸ் கேன்டீனே எனக்கு என்று பேச்சு.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தன. கிரைண்டர் சுவிட்சைப் போட்டேன். அசையவில்லை. தெருவே செத்துக் கிடந்தது.

ஓடினேன் ஆபீசுக்கு. திரைக்கு முன்னால் பட்டாபிராமன் சார், தானியங்கிப் பிரிவு அதிகாரி.

"சார், சாங்வியில கரண்ட் இல்ல."

திரையைப் பார்த்தார். "இருக்கே."

"தெரு முழுக்க இல்லங்கேன்."

"பதட்டப்படாதேள், ஜெபமணி. பச்சையா இருக்கு பாருங்கோ."

"அந்தப் பெட்டி எதுல சார் ஓடுது?"

"கரண்ட்லதான்."

"கரண்ட் போனா?"

"பெட்டி அணைஞ்சுடும்."

"அப்போ கரண்ட் போச்சுன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?"

"பெட்டிதான்."

"அணைஞ்ச பெட்டியா?"

குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "அது கடைசியா என்ன சொல்லித்தோ, அதைத்தான் நாங்க எடுத்துப்போம். கடைசியா நன்னா இருக்குன்னுதான் சொல்லித்து."

"உள்ள ஒரு பேட்டரி வைக்கக் கூடாதா?"

"டெண்டர்ல இருந்தது. கரண்டே போகாத ஊருக்குப் பேட்டரி எதுக்குன்னு ஆடிட்ல அடிச்சுட்டா."

பேரத்தில் இறங்கினேன். "சரி, ஒரு அரை மணி நேரம் சிவப்பாக்குங்க. தாவ்டே ஏறட்டும். மறுபடி பச்சையாக்கிக்கிடுங்க."

"நான் கை வைக்கப்படாது. சிவப்பு தானா வரணும்."

"தானா வரணும்னா?"

"பெட்டிக்குக் கரண்ட் வரணும்."

"வந்தா?"

"பச்சை."

திரும்பி வந்தேன். கம்பத்தடியில் கழியோடு தாவ்டே நின்றுகொண்டிருந்தார்.

"பாவு, அண்ணே, ஒரே ஒரு தட்டு."

"நை சேட், முடியாது. பச்சையா இருக்கும்போது ஏறினா, நல்லா இருந்த லைனை நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும்."

வாடகைக்கு ஜெனரேட்டர் தேடினேன். சாங்வியில் இருந்த ஒரே ஜெனரேட்டரை ஆபீசே எடுத்துப் போயிருந்தது, மின்தடையற்ற விழாவுக்கு மைக் வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் உளுந்து நாறிவிட்டது. அத்தோடு என் பொறுமையும்.

மறுநாள் காலி அண்டாக்களை டெம்போவில் ஏற்றினேன். ஒவ்வொரு மூடியிலும் ஒரு பச்சை ஸ்டிக்கர் பொட்டு. சாம்பார் மட்டும் நிஜம், அது கேஸில் வெந்தது.

பட்டாபிராமன் சார் மூடியைத் திறந்தார். "என்னய்யா, காலியா இருக்கு?"

"பச்சையா இருக்கே சார்."

"இட்லி எங்கே ஓய்?"

"கைய விட்டுத் துழாவாதீங்க. மனுஷன் சொன்னா செல்லாது. அண்டா கடைசியா வெளியே போனப்போ இட்லியோடதான் போச்சு."

"விளையாடறேளா? மாவு ஏன் அரைக்கலை?"

"ஏன்னு மேடையில ஏறி மைக்குல சொல்லிரவா?"

மூடியை அவரே பத்திரமாக மூடினார்.

தட்டுகளில் சாம்பார் போயிற்று. மும்பையிலிருந்து வந்த பெரிய அதிகாரி தட்டைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். சார் அவர் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் ஸ்பூனால் சாம்பாரைக் கிளறி, மென்று, விழுங்கி, "இட்லி பஹுத் சாஃப்ட்!" என்றார். அவ்வளவுதான், மண்டபமே மெல்ல ஆரம்பித்தது.

எங்கள் தெரு அபார்ட்மெண்ட் செயலாளர் மங்கையர்க்கரசி அக்கா, "மல்லிப்பூ மாதிரி இருக்கு" என்றார்.

"அக்கா, நேத்து லிஃப்ட்ல மாட்டிக்கிட்டுக் கத்துனது நீங்கதான?"

"சும்மா இருங்க அண்ணாச்சி. சிறந்த காலனிக் கேடயம் எங்களுக்குத்தான்."

இட்லி பற்றி ஒரு குறையும் வரவில்லை. ஆகவே கேன்டீன் எனக்கே கிடைத்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் காலையில் பச்சைப் பொட்டு வைத்த அண்டாக்கள் போகின்றன. அதிகாரிகள் வரிசையில் நின்று சாம்பார் வாங்கி, இட்லியைப் பாராட்டுகிறார்கள். பட்டாபிராமன் சாருக்குப் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. தெருவுக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை, கிரைண்டர்மேல் சிலந்தி கூடு கட்டிவிட்டது. இட்லிக் கடைக்காரன் நான், எனக்கே இட்லி எப்படி இருக்கும் என்று மறந்துகொண்டு வருகிறது.

ஆகவே ஐயா, புள்ளி வைத்தவனே, எங்கே இருந்தாலும் கிளம்பி வா. அந்தப் பெட்டிக்குள் ஒரு பேட்டரியைப் போடு. இருட்டை இருட்டு என்று சொல்ல அதற்குக் கற்றுக் கொடு. முதலில் நீ உன் பச்சையை எடு. என்னுடையதை நான் அப்புறம் எடுக்கிறேன்.