மாதிரிக் கத்தியால் மாங்காய் வெட்டலாகாது

பாப்பிரெட்டிப்பட்டியில் கனிப் பக்குவ ஆய்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வேலைதான். தோப்பில் பறித்துக் குவித்த மாங்காயில் ஒன்றை எடுத்து ஒரு பக்கம் சீவ வேண்டும். கொட்டை முற்றியிருக்கிறதா, சதை மஞ்சள் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'பக்குவம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத லோடை ஜூஸ் கம்பெனிக்காரன் கேட்டுக்கு உள்ளேயே விடமாட்டான்.

அங்கே ஆய்வாளராக இருந்த மாதவராஜ் வெறுங்கையோடுதான் தோப்புக்குப் போவார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போனார். தோப்புக்காரர் தன் கத்தியை எடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுப்பார். மாதவராஜ் சீவுவார், பார்ப்பார், சீவிய துண்டை உப்புத் தொட்டுத் தின்பார், கையெழுத்துப் போடுவார். ஒருத்தருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? குறையே இல்லாத இடத்தில் குறை கண்டுபிடிக்கத்தானே தணிக்கை என்று ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்!

அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். 'ஆய்வுக்கு உட்படுபவரின் கத்தியைக் கொண்டே ஆய்வு மேற்கொள்வது நடுநிலைமைக்குக் குந்தகம் விளைவிப்பதாகும். இனி அரசுக் கத்தியால் வெட்டப்படாத காய் எதுவும் வெட்டப்பட்ட காயாகக் கருதப்படமாட்டாது.'

சரி, அரசுக் கத்தி எப்படி இருக்க வேண்டும்? அதையும் மேலிடமே தெளிவாகச் சொல்லிவிட்டது. கத்தி பெரியதாக இருக்க வேண்டும். சிறிய கத்தி அலுவலகத்தின் மாண்பைக் குறைக்கும். மடங்க வேண்டும், மடங்காத கத்தியோடு அலுவலர் பஸ்ஸில் ஏறினால் பொதுமக்கள் இறங்கிவிடுவார்கள். எந்நேரமும் உடன் இருக்க வேண்டும். மாங்காய் எப்போது எதிர்ப்படும் என்று யாரால் சொல்ல முடியும்?

இந்த உத்தரவு வந்த அன்று காலையில்தான் மாதவராஜின் மாமனார் மாது, சித்தேரி மலை அடிவாரத்துத் தோப்பில் பெங்களூரா மாங்காய் பறித்துக் கொட்டகையில் குவித்திருந்தார். அந்த லோடு போனால்தான் தோப்பில் வறண்டு கிடந்த போர்க் கிணற்றை ஆழப்படுத்த முடியும். போரை ஆழப்படுத்தினால்தான் அடுத்த வருஷம் தோப்பே இருக்கும்.

கத்தியைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவர், தர்மபுரி உதவி இயக்குநர் ரஞ்சித்குமார். நல்ல மனுஷர். ஒரே ஒரு பழக்கம்தான், மொபைலில் கத்தி வீடியோ பார்ப்பார். எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் தாடிக்காரன் ஒருத்தன் குச்சியைச் சீவிக்கொண்டே கத்தியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான். இவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தலையாட்டுவார். வீட்டில் ஒரு இளநீர் சீவிக் கொடுங்கள் என்றால் மட்டும் கை சுளுக்கிக்கொள்ளும்.

தர்மபுரி கடைவீதியில் பாத்திரமும் இரும்புச் சாமானும் விற்கிற கரீம் பாய் இரண்டு கத்திகளை மாதிரிக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஒன்று முழுக்கக் கறுப்பு. கட்டைவிரலால் தள்ளினால் 'டக்'கென்று திறக்கும். பாக்கெட்டில் மாட்டக் கிளிப் உண்டு, அடியில் கார் கண்ணாடி உடைக்க ஒரு முள் உண்டு. இன்னொன்று மரப்பிடி. நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும், திறந்தபின் பித்தளை வளையத்தைத் திருகிப் பூட்ட வேண்டும். பார்க்க லட்சணமாக இருந்தது.

"மாங்கா சீவறதுக்குத்தானே சார்? நம்ம கடையிலயே சாதாரணக் கத்தி இருக்குதுங்களே, அதுவே போதும்" என்றார் கரீம் பாய்.

ரஞ்சித்குமார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாய், வெட்டறதுக்கு எந்தக் கத்தியும் போதும். நாம தேடறது வெட்டற கத்தி இல்ல. கூடவே வச்சிருக்கிற கத்தி."

மாதவராஜ் மெல்ல வாய் திறந்தார். "சார், ரெண்டாலயும் ஒவ்வொரு காயைச் சீவிப் பார்த்துட்டா இன்னிக்கே முடிஞ்சிடுங்களே?"

"என்ன மாதவராஜ், இவ்வளவு வருஷம் சர்வீஸ் போட்டுட்டு இப்படிப் பேசறீங்க? மாதிரிக் கத்தியால வெட்டினா அது பழைய கத்தி ஆயிடும். பழைய பொருளை அரசாங்கம் வாங்க முடியாது. வாங்காத கத்தியால வெட்ட முடியாது. ரெண்டையும் தினமும் கூடவே வச்சிருங்க. எது உடம்போட ஒட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க. வெட்டிடாதீங்க, அவ்வளவுதான்."

இதில் எங்கே தப்பு என்று மாதவராஜ் வழி நெடுக யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஒரு தப்பும் தென்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வலது பாக்கெட்டில் கறுப்பும் இடது பாக்கெட்டில் மரப்பிடிக் கட்டையுமாக, பேண்ட் நழுவ நழுவ, மாமனார் தோப்புக்குப் போனார். கொட்டகையில் மாங்காய் மலையாகக் குவிந்து கிடந்தது. மாது ஒரு காயைத் துடைத்து நீட்டினார்.

"சீவிப் பாருங்க மாப்ள. டெம்போக்காரன் வெயிட்டிங்ல நிக்கறான்."

"சீவ முடியாதுங்க மாமா. கத்தி இல்லீங்க."

மாது அவருடைய இரண்டு பாக்கெட்டையும் பார்த்தார். "அப்ப அது என்னாங்க?"

"மாதிரிங்க."

"மாதிரி வெட்டாதுங்களா?"

"வெட்டுங்க. வெட்டினா மாதிரியா இருக்காதுங்க."

"அட, இந்தாங்க என் கத்தி."

"ஐயோ! உங்க காயை உங்க கத்தியால வெட்டினா நடுநிலைமை போயிடுங்க மாமா."

பின்னாலிருந்து கூடை கட்டிக்கொண்டிருந்த பிரியதர்ஷினி எழுந்து வந்தாள். மாதவராஜின் மனைவி, மாதுவுக்கு ஒரே மகள். "அப்ப நம்ம வூட்டுக் கத்தியால வெட்டுங்க."

"மாமனார் காயை மருமவன் வூட்டுக் கத்தியால வெட்டறதா? அதுக்கு என்னைச் சஸ்பெண்டே பண்ணிடுவாங்க, பிரியா."

மற்ற தோப்புக்காரர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, கையெழுத்துக் கேட்காத வேறு மாவட்டத்து மண்டிக்கு லோடை ஓட்டிவிட்டார்கள். மாதுவால் அப்படிச் செய்ய முடியவில்லை. ஆய்வாளருடைய மாமனாரே ஆய்வைத் தாண்டி ஓடினார் என்று பேச்சு வந்தால் மாப்பிள்ளை முகத்தில் யார் விழிப்பது? மனுஷர் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, காய் ஒவ்வொன்றாக மஞ்சள் தட்டுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இதற்கிடையில் ஊருக்குள் வேறு ஒன்று நடந்தது. மாதவராஜை இதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கறுப்புக் கிளிப் பாக்கெட்டுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதைக் கண்டு பையன்கள் கூடவே நடந்தார்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் முனிராஜ் பிடித்து நிறுத்தினார்.

"என்னா சார், ரெண்டு கத்தி?"

"ஒப்பீடுங்க."

முனிராஜ் இரண்டையும் வாங்கித் திறந்து மூடினார். திறந்து மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. "கேஸ் போடலாம்னுதான் நிறுத்தினேன். ஆனா சார், கறுப்புதான் கெத்து. எழுதிக்கங்க" என்று சல்யூட் அடித்து அனுப்பினார்.

அவ்வளவுதான், தாலுகா இரண்டாகப் பிளந்தது. கறுப்புக் கட்சி, கட்டைக் கட்சி. கறுப்பு ஒரு கையால் திறக்கும் என்றார்கள் இவர்கள். கட்டைக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் அவசரப்பட்டு எதையும் வெட்டிவிட மாட்டான் என்றார்கள் அவர்கள். இடுப்பில் கத்தி மாட்டாதவனை ஆளாகவே மதிக்கவில்லை. மாட்டியவனும் எதையும் வெட்டவில்லை, கத்தியில் கோடு விழுந்துவிடுமே! காலேஜ் போகிற பையன் முதல் ஜெராக்ஸ் கடைக்காரர் வரை வாங்கினார்கள். கரீம் பாய் கடையில் சரக்குத் தீர்ந்து பெங்களூரிலிருந்து இறக்கினார். "மாங்கா சீவ இதெல்லாம் எதுக்குங்க" என்று கேட்பதையும் நிறுத்திக்கொண்டார்.

குழு தினமும் கூடியது. பாப்பிரெட்டிப்பட்டி அலுவலக முற்றத்துப் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு, பொதுமக்கள் கருத்தும் கேட்டார்கள். அடேயப்பா, என்ன கூட்டம்! ஒரு நாள் மாது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மருமகனாவது மண்ணாவது, இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவோடு வந்திருந்தார்.

"ஏனுங்க சார், என் காயி அழுகுதுங்க! இங்க உக்காந்து கத்தியைத் தடவிக்கினு இருக்கீங்களே, நாயமா?"

"பெரியவரே, உங்களுக்காகத்தானே இவ்வளவும். நீங்களே கையில பிடிச்சுப் பாருங்க" என்று ரஞ்சித்குமார் கட்டைக் கத்தியை நீட்டினார்.

மாது வாங்கினார். எடை பார்த்தார். வளையத்தைத் திருகினார். இன்னொரு தடவை திருகினார்.

"பிடி அம்சமா இருக்குதுங்க" என்றார் மாது. "கறுப்பு என்னாத்துக்குங்க? இதுதான் கையில நிக்குது." அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டைக் கட்சியில் உட்கார்ந்துவிட்டார். அழுகும் காயைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

அப்பனைக் கூட்டிப்போக வந்த பிரியதர்ஷினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் வெயிலில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறார்கள், தின்ன ஒன்றும் இல்லை. விறுவிறுவென்று தோப்புக்குத் திரும்பினாள்.

மறுநாள் முற்றத்து ஓரத்தில் சாக்கு விரித்து, வீட்டு அரிவாள்மணையைப் போட்டு, ஒரு காலால் அதன் பலகையை மிதித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கூடை கூடையாக மாங்காய். பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, காகிதத்தில் வைத்து நீட்டினாள். கறுப்புக் கட்சியும் வாங்கியது, கட்டைக் கட்சியும் வாங்கியது. விவாதம் சூடாகச் சூடாக வியாபாரமும் சூடானது. குவியல் நாளுக்கு நாள் கரைந்தது. பழுத்ததைத் தனியாக அரிந்து விற்றாள். போர் வண்டிக்காரனுக்கு அட்வான்ஸ் கூடக் கொடுத்துவிட்டாள்.

ரஞ்சித்குமார் ஒரு பத்தையைக் கடித்துக் கண்ணை மூடினார். "ஆகா! நல்ல பக்குவம்யா."

மாதவராஜ் துள்ளி எழுந்தார். "சார், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடட்டுங்களா?"

"எதால வெட்டினது?"

"அரிவாள்மணைங்க சார்."

"அப்ப இது ருசி. பக்குவம்னு எழுத முடியாது. இன்னொரு பத்தை சொல்லுங்க."

முடிவு சொல்லும் நாளும் வந்தது. கூட்டம் ரோடு வரை நின்றது. ரஞ்சித்குமார் எழுந்து தொண்டையைச் செருமினார். அப்போதுதான் வெயில் சாக்கு மேல் விழுகிறதென்று பிரியதர்ஷினி இடம் மாற எழுந்தாள். வழக்கம்போல அரிவாள்மணையின் அலகைப் பலகைமேல் மடக்கினாள். 'டக்'கென்று சத்தம் கேட்டது.

ரஞ்சித்குமார் பேச்சை நிறுத்தினார். "அம்மா, அது மடங்குமா?"

"மடங்குங்க சார். குழந்தைங்க இருக்கற வூட்டுல மடக்கித்தானே வைக்கணும்?"

"பெருசு. மடங்குது" என்று அவர் தனக்குள் முணுமுணுத்தார். கிட்டே வந்து குனிந்தார். "நுனியில இது என்ன?"

"தேங்கா துருவறதுங்க."

"துருவி வேற!" கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. கறுப்புக் கட்சியும் கட்டைக் கட்சியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எட்டிப் பார்த்தன. கண்ணாடி உடைக்கிற முள் யாருக்கும் இப்போது நினைவில் இல்லை. மாது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வூட்டுதுங்க அது! கல்யாணத்துக்கு நான் வெச்ச சீருங்க!" என்று சத்தம் போட்டார்.

"முடிவு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் ரஞ்சித்குமார். "மூன்றாவது மாதிரி கிடைத்துள்ளது. மாதவராஜ், நாளையிலிருந்து இதைக் கூடவே வச்சிருங்க. அம்மா, இனி இதால எதையும் வெட்டிடாதீங்க."

கடைசிக் கூடை அப்படியே இருந்தது. காசு கொடுத்தவர்கள் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிரியதர்ஷினி எழுந்தாள். அரிவாள்மணையைத் தூக்கிப் புருஷன் கையில் வைத்தாள். அவருக்கு இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அவருடைய வலது பாக்கெட்டிலிருந்து கறுப்பையும் இடது பாக்கெட்டிலிருந்து கட்டையையும் உருவினாள். கறுப்பால் ஒரு காய், கட்டையால் ஒரு காய் என்று கடகடவென்று சீவித் தள்ளினாள். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்த இரண்டு மாதிரிகளும் ஊரார் முன்னால் பழைய கத்தி ஆயின. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மாதவராஜ் கையிலிருந்த துருவிமேல் இருந்தது.

கூடை காலியானதும் மாதவராஜ் குனிந்து, ரகசியமாக, ஆனால் ஒரு பொறுப்பான அலுவலருக்குரிய ஆவலோடு கேட்டார். "ரெண்டுல எது நல்லா வெட்டுச்சு, பிரியா?"

"கவனிக்கலீங்க. நான் மாங்காயத்தான் பார்த்துக்கினு இருந்தேன்" என்று கத்திகளை முந்தானையில் துடைத்தாள் அவள்.

மறுநாள் மாதவராஜ் அரிவாள்மணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஏறியதுமே பக்கத்து சீட்டுப் பையன், "அண்ணா, துருவி வெச்ச மாடலா? எங்க அம்மாகிட்ட இருக்குதுண்ணா!" என்று பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடினான். அந்த வாரம் முழுக்கப் பாப்பிரெட்டிப்பட்டியில் பாதி வீடுகளில் பொரியல் இல்லை.