ராப் பாட்டில் ஏசும் அண்ணை

சுன்னாகம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பெறாமகள் தனுசியாவுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். லண்டனில் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க மாவிட்டபுரத்துக் கந்தனை வேண்டுகிறேன். செத்தவீட்டிலிருந்து நலம் என்று எழுதுவது பொருந்தாதுதான். ஆனால் கடிதத்தை அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

உன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாறவைக்குக் குடுக்க நான் கல்வெட்டுப் புத்தகம் எழுதியது உனக்குத் தெரியும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒரு சொந்தத்தையும் விடாமல் பேர் போட்டு விருத்தத்தில் அழவைத்து அச்சகத்துக்கும் குடுத்துவிட்டேன். அதற்குள் கனடாவில் இருக்கும் உன் தம்பி நிருஷன், அப்பா வாட்ஸ்அப்பில் அவனுக்கு அனுப்பிய குரல்பதிவுகளை வெட்டி ஒட்டி, மேளத்தையும் போட்டு, ராப் பாட்டாக யூடியூப்பில் விட்டுவிட்டான். பாடியவர்: அமரர் முருகேசு. அண்ணை மகனுக்குப் பேசி அனுப்பினது சுகம் விசாரிக்க இல்லை, ஊரில் ஆரோடை என்ன கோவம் எண்டு சொல்லத்தான். உதாரணத்துக்கு ஒன்று: "சின்னத்தங்கத்தின்ரை ஆடு! என்ரை வெங்காயம்! சின்னத்தங்கத்தின்ரை ஆடு! என்ரை வெங்காயம்!" இதுதான் பல்லவி. நடுவில் அண்ணை இருமுகிறார், அதையும் தாளத்துக்குச் சேர்த்திருக்கிறான். இருமல்தான் திறம் எண்டு இளசுகள் சொல்லுதுகள்.

சின்னத்தங்கம் படலையில் நிண்டு, "செத்த மனுசன் எண்டு பாக்கிறன் வாத்தியார், இல்லாட்டி நடக்கிறது வேறை! அந்த ஆட்டை வித்தே எவ்வளவு காலம்!" எண்டு கத்திப்போட்டு, அந்தியேட்டி முடிஞ்சு குடுக்கிற வீட்டுக்கிருத்தியச் சாப்பாட்டுக்கு வரமாட்டன் எண்டிட்டா. பக்கத்து வளவுச் சிவதர்ஷன் வந்து, "தண்ணி மோட்டரைத் திருப்பிக் குடுத்திட்டன், பிறகேன் பாட்டிலை கேக்கிறார்?" எண்டான். "தம்பி, பாட்டும் பாடப்புத்தகம் மாதிரி. திருத்தம் வந்தாலும் பழைய பதிப்புத்தான் ஆக்களின்ரை கையிலை இருக்கும்" எண்டு விளக்கினன். "எனக்குப் பாடம் எடுக்காதேங்கோ" எண்டிட்டு அவனும் போயிட்டான்.

நிருஷனுக்கு எடுத்தால், "அப்பா உப்பிடித்தானே சித்தப்பா கதைக்கிறவர்? நீங்கள் எழுதின கல்வெட்டிலை அப்பாவைக் காணேல்லை" எண்டுறான். நான் போனை வச்சிட்டன்.

இதுவாவது பரவாயில்லை எண்டிருக்க, நீர்வேலிப் பொன்னுத்துரை மச்சான் போன் எடுக்கிறார். "ஏன் வாத்தியார், அத்தான் எங்களை ஒருநாளும் ஏசாத மனுசனோ? சின்னத்தங்கத்தின்ரை ஆட்டுக்கு இடம் இருக்கு, எங்கடை பேருக்கு இல்லையோ? நாங்கள் என்ன பிறத்தியோ? வாழைக்குலை விசயத்திலை என்னை ஏசினதுக்குச் சாட்சி இருக்கு!" கல்வெட்டில் பேர் விடுபட்டால் வாற கோவம் முழுக்க இப்ப பாட்டுக்கு மேலை திரும்பியிருக்கு. ஏச்சு வாங்கினவையும் வரமாட்டினமாம், ஏச்சு வாங்காதவையும் வரமாட்டினமாம். எத்தனை பேருக்கு அரிசி போடுறது எண்டு கொம்மா கேக்கிறா, நான் என்னத்தைச் சொல்ல? ஆக்கள் வராத பந்தலுக்குள்ளை அவ தனிய இருக்கிறதை என்னாலை பாக்கேலாது பிள்ளை. ஆனால் அவவுக்கு அந்தக் கவலை இல்லை. குசினிக்குள்ளை அதே பாட்டைத்தான் போட்டுவிட்டுக் கறிக்கு வெட்டுறா. நிப்பாட்டுங்கோ அண்ணி எண்டால், "முந்தி வீட்டு முத்தத்திலை நிண்டு ஏசுவார், இப்ப போனுக்குள்ளை நிண்டு ஏசுறார். ஏசட்டும் விடுங்கோ தம்பி" எண்டுறா.

எனக்குக் களைச்சுப் போச்சு. நீ அக்கா, நீ சொன்னால் அவன் கேட்பான். அந்தப் பாட்டை உடனே எடுத்துவிடச் சொல்லு. உன் வீட்டில் வருத்தம் துன்பம் அண்டாமல், பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்து, நல்ல செய்தியே எனக்கு எழுதும்படி உன்னை வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பி.கு.: பிழை பிடிக்கவென்று பாட்டை இன்னொருமுறை முழுக்கக் கேட்டேன். நானும் அதில் இல்லை. கூடப்பிறந்த தம்பியை ஒரு சொல்லும் ஏசவில்லையென்றால் ஊர் என்ன நினைக்கும்? ஆகவே பாட்டை எடுக்கவேண்டாம், விடுபட்ட ஏச்சுகளையும் கூட்டிப் போடச் சொல்லு. அண்ணை ஏசின பதிவு வைச்சிருக்கிற எல்லாரையும் சாப்பாட்டுக்கு வரேக்கை கொண்டுவரச் சொன்னன், சின்னத்தங்கம் உட்பட எல்லாரும் வாறமெண்டிட்டினம். என்ரை போனில் இருந்ததை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன்: "டேய் வாத்தி, உதாரணத்தை விட்டிட்டு விசயத்தைச் சொல்லடா!" ஆட்டுக்கு முன்னுக்குப் போட்டால் நல்லது. முடிவில் ஒருக்கா இருமுவார், அதை வெட்டவேண்டாம்.