ஜனவரி மேம்பாட்டுத் திட்டம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நெருப்புக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று கிழவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அலுவலகம் திறந்தது இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய சாதனை. அந்தப் பெருமை எங்கள் தஸ்புலாக் மாவட்டத்தையே சேரும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. மாவட்டப் பண்பாட்டுத் துறையில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மக்களின் மகிழ்ச்சி பற்றி வருடாவருடம் அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. வறட்சி வந்தது, ஆடுகளுக்கு நோய் வந்தது, ஒரு குளிர்காலம் முழுக்க மின்சாரமே வராமல் இருந்தது. என் அறிக்கையில் மட்டும் மகிழ்ச்சி ஒருபோதும் குறைந்ததில்லை.

மையம் என்ற அந்த அலுவலகம் வருவதற்கு முன்னால் எங்கள் ஜனவரி எவ்வளவு பின்தங்கிக் கிடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியை நகத்தால் சுரண்டி ஓர் ஓட்டை போடுவேன். அதன் வழியே எதிர்வீட்டு இளைஞன் உறைந்துபோன தன் காரைக் கிளப்பப் பாடுபடுவதைப் பார்ப்பேன். கார் இருமும், விக்கும், படுத்துவிடும். அவன் வேலைக்குப் போக வேண்டும், நான் போக வேண்டாம். அரசு மாதாமாதம் தருவது வெறும் ஓய்வூதியம்தான். ஓய்வு என்பது இந்த ஓட்டையில் இருந்தது.

பிறகு பக்கத்து வீட்டு ஸ்மாகுல் அண்ணன் வருவார். எண்பத்தொரு வயது. தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவிலேயே மூத்தவர். கம்பளி பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்துவிட்டு, "யார் முறை?" என்பார். பல்லாங்குழி போன்ற எங்கள் ஒன்பது குழி ஆட்டப் பலகையில் முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். தேநீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றப்படும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கப்படும். என் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள அல்மாட்டி நகரத்துக்குப் போயிருப்பாள். ஜனவரியின் அமைதிக்கு அது ஒரு காரணம் என்று நான் சொல்லவே மாட்டேன். சாயங்காலம், குளிர்காலத்துக்குக் குதிரை அறுத்த வீடு ஏதாவது ஒன்றிலிருந்து விருந்துக்கு அழைப்பு வரும். தின்போம். ஸ்மாகுல் அண்ணன் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்வார். வீடு திரும்பித் தூங்குவோம். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எங்களை மேம்படுத்தவில்லை.

இந்த இருண்ட காலத்தில்தான் மிராஸ் வந்து சேர்ந்தான்.

மிராஸுக்கு முப்பத்தொரு வயது. தலைநகரத்துப் பிள்ளை. ஏதோ ஒரு வெளிநாட்டில் 'மகிழ்ச்சி மேலாண்மை' படித்துவிட்டு வந்து, எங்கள் 'இன்முதுமை மேம்பாட்டு மைய'த்துக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றான். பழைய சினிமா கொட்டகையில் மையம் திறந்தார்கள். முதல் கூட்டத்தில் அவன் பேசியதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. கொட்டகையில் வெப்பக் குழாய் வேலை செய்யாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

"பெரியவங்களே, ஜனவரிங்கறது உங்க கையில இருக்கற பெரிய சொத்து. அதை நீங்க வீணாக்கறீங்க."

"நாங்க சும்மாதானே தம்பி உக்காந்திருக்கோம்?" என்றார் ஸ்மாகுல் அண்ணன்.

"அதைத்தான் தாத்தா சொல்றேன். சும்மா உக்கார்றதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க முறையில்லாம உக்காந்திருக்கீங்க."

ஸ்மாகுல் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "துர்சின்கான், எண்பது வருஷமா தப்பா உக்காந்திருக்கேன் போலிருக்குடா."

'சின்னச் சின்ன இன்பங்கள்' என்ற அந்த வகுப்பு ஜனவரி முழுக்க, காலை முதல் சாயங்காலம் வரை நடந்தது. சேருவது முற்றிலும் அவரவர் விருப்பம். எனக்கு விருப்பமில்லை என்று முதல் நாளே, அழைத்துப்போக வந்த மையத்து பஸ்காரனைத் திருப்பி அனுப்பினேன். அன்று சாயங்காலம் என் மகள் குல்சீரா பள்ளிக்கூடத்திலிருந்து முகம் வாடித் திரும்பினாள். அவள் அங்கே கணக்கு டீச்சர்.

"அப்பா, நாளைக்கு அந்த மையத்துக்குப் போயிடுங்களேன்."

"ஏம்மா?"

"தலைமையாசிரியர் கூப்பிட்டு விட்டாரு. 'உங்க அப்பாவுக்கு மகிழ்ச்சியா இருக்க விருப்பமில்லையாமே, வீட்ல ஏதாவது பிரச்சினையா'ன்னு கேக்கறாரு. எனக்கு வர்ற மாசம்தான் பதவி உயர்வு பத்தி முடிவு பண்ணப் போறாங்க."

என் ஜனவரியா, அவள் வேலையா என்று வந்தால் அப்பன் என்ன செய்வான்? போனேன். ஸ்மாகுல் அண்ணனின் மகன் தபால் ஆபீஸில் இருந்தான், அதனால் அவரும் வந்தார். தெருவில் பிள்ளை குட்டி அரசு வேலையில் இருந்த அத்தனை கிழவர்களுக்கும் ஒரே இரவில் விருப்பம் பிறந்துவிட்டது.

முதல் வகுப்பு: 'தேநீரை உணர்ந்து பருகுதல்'. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் ஆளுக்கொரு கிண்ணம் வைத்து, இயந்திரத்திலிருந்து விளிம்புவரை, தளும்பத் தளும்பத் தேநீர் ஊற்றிக்கொண்டு போனாள். கிழவர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வரிசையாக வாசலுக்கு நடந்தோம். ஸ்மாகுல் அண்ணன் முகத்தில் கல்யாணக் களை.

மிராஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "என்னாச்சு பெரியப்பா? டீ நல்லால்லியா?"

"நல்லாத்தான் இருந்தது தம்பி. நீதானே கிளம்பச் சொன்னே."

"நான் எங்க சொன்னேன்?"

"கிண்ணத்தை நிரப்பிட்டியே. பாதி ஊத்தினா, இன்னும் கொஞ்ச நேரம் இரு, மறுபடி ஊத்தறேன்னு அர்த்தம். நிரப்பி வச்சா, குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணுன்னு அர்த்தம். உங்க வீட்ல யாரும் சொல்லலையா?"

"எங்க வீட்ல அவங்கவங்க கப்புல அவங்கவங்களே ஊத்திக்குவோம்," என்றான் பாவமாக. "ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு மேலிடத்து அளவு பெரியப்பா. குறைக்க முடியாது."

அளவைக் குறைக்க முடியாததால் வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். மறுநாள் முதல் கிளம்பச் சொல்லும் தேநீரை, கிளம்ப முடியாத இடத்தில் உட்கார்ந்து, உணர்ந்து பருகினோம்.

மற்ற வகுப்புகளும் மகத்தானவை. 'ஜன்னல் வழியே பனி பார்த்தல்' இருந்தது. கொட்டகைக்கு இருந்த ஒரே ஜன்னலில் வெளிச்சம் வருகிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டு, திரையில் வேறொரு நாட்டுப் பனியைக் காட்டினார்கள். வெளியே எங்கள் பனி இலவசமாக விழுந்துகொண்டிருந்தது. 'அடுப்பின் அருகாமை' வகுப்பில் அதே திரையில் நெருப்பு எரிந்தது. நாங்கள் மேல்கோட்டை இறுக்கிக்கொண்டு அதில் குளிர் காய்ந்தோம். நடுநடுவே நெருப்பு நின்று, சுலபத் தவணையில் கடன் தருவதாக ஒரு விளம்பரம் வரும். 'குட்டித் தூக்கம்' வகுப்பில் ஸ்மாகுல் அண்ணன் தேறவில்லை.

"தாத்தா, தூங்க ஆரம்பிக்கச் சொல்லி மணி அடிக்கறதுக்குள்ள தூங்கிட்டீங்க."

"மணி அடிச்சுதான் தம்பி முழிச்சேன்."

ஒன்பது குழி ஆட்டத்துக்குத் தடை. போட்டி மனப்பான்மை ரத்த அழுத்தத்தை ஏற்றுமாம். என் வீட்டில் பலகை ஆட்டத்தின் நடுவில் அப்படியே கிடந்தது, நான் ஜெயிக்கும் நிலையில். இரவு இருட்டியபின் வீட்டுக்கு வந்து அந்தப் பலகையின் தூசியைத் துடைத்துவைப்பேன். எனக்கு எழுபத்து மூன்று. இன்னும் எத்தனை ஜனவரி மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? அதில் ஒன்றை எடுத்து, அதையே எனக்குப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார்கள். குல்சீரா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் கரி போடுவாள்.

மாதக் கடைசியில், திட்டத்தின் வெற்றியை நேரில் காண மாகாணத்திலிருந்து ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. குழுத் தலைவர் பல்தாபெக், பெரிய அதிகாரி. மிராஸ் எங்களுக்கு ஒத்திகை வைத்தான்.

"இயல்பா உக்காருங்க. இல்லை, அப்படி இல்லை. இன்னும் இயல்பா."

விருந்தைத் தொடங்கிவைக்க மூத்தவர் ஆசி சொல்ல வேண்டும். அது ஸ்மாகுல் அண்ணன். ஆசியை எழுதிக் கொடுக்கும் பொறுப்பு, அனுபவம் கருதி, எனக்கு. மாவட்ட நிர்வாகத்துக்கும், மாகாண நிர்வாகத்துக்கும், மையத்தின் இயக்குநருக்கும், கடைசியில் இடம் இருந்தால் இறைவனுக்கும் நன்றி சொல்லி ஒரு பக்கம் எழுதினேன். மிராஸ் இறைவனை அடித்துவிட்டு ஒப்புதல் கையெழுத்துப் போட்டான்.

குழு வந்தது. அன்று மட்டும் கொட்டகையில் குழாய் சூடாக இருந்தது. பல்தாபெக் நடுவில் அமர்ந்தார், பக்கத்தில் கைப்பேசிகளுடன் அவருடைய அதிகாரிகள். குதிரைத் தொத்திறைச்சியின் வாசனை கூடத்தை நிறைத்தது. ஸ்மாகுல் அண்ணன் எழுந்து உள்ளங்கைகளை விரித்தார். அத்தனை பேரும் கைகளை விரித்தார்கள்.

அண்ணன் நான் எழுதிய தாளை எடுக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. கைகளை விரித்தபடி, கண்களை மூடி, சும்மா நின்றார்.

மூத்தவர் 'ஆமின்' சொல்லி முகத்தைத் தடவாமல் விரித்த கையை யாரும் மடக்கக் கூடாது. அமைச்சரே ஆனாலும் கூடாது. நாங்கள் காத்திருந்தோம். ஓர் அதிகாரியின் கைப்பேசி அடித்தது. அவர் அதைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், அது அடித்து ஓயும்வரை அப்படியே இருந்தார். இறைச்சி ஆறியது. மிராஸ் என்னைப் பார்த்து உதட்டை அசைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் கேட்டது. அந்த மாதம் முழுக்க அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் அனுபவித்த ஒரே அமைதி அதுதான்.

பல்தாபெக்கின் கைகள் நடுங்க ஆரம்பித்தபோது அண்ணன் பேசினார்.

"பல்தாபெக் தம்பி, நீ நல்லா இருக்கணும். உன் பதவி உன்னை விட்டு சுகமா இறங்கணும். நீ சீக்கிரமே ஓய்வு பெறணும். உன் வீட்ல நல்ல அடுப்பு இருக்கணும், உன் ஜன்னலுக்கு வெளிய நல்ல பனி விழணும். அந்த ஜன்னல் பக்கத்துல நீ உக்காரப் போற நேரமாப் பாத்து, வாசல்ல ஒரு பஸ் வந்து நிக்கணும். அதுலேருந்து நம்ம மிராஸ் மாதிரி ஒரு தங்கமான பையன் இறங்கி, எப்படி உக்காரணும்னு உனக்குச் சொல்லிக் குடுக்கணும். ஒரு நாள்கூட விடாம சொல்லிக் குடுக்கணும். ஆமின்."

பெரியவரின் ஆசியை மறுக்க முடியுமா? "ஆமின்," என்று எல்லோரும் முகத்தைத் தடவினோம். பல்தாபெக்கும் தடவினார். தடவி எடுத்தபோது முகம் வெளுத்திருந்தது. அவருக்கு மார்ச் மாதத்தோடு பணி ஓய்வு.

அவர் மிராஸின் பக்கம் சாய்ந்தார். "இது விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தானே?"

"முழுக்க விருப்பம்தான் சார். விருப்பப்படாதவங்க விருப்பப்படற வரைக்கும் அவங்க பிள்ளைங்க ஆபீசுக்குப் பேசுவோம்."

பல்தாபெக்கின் மகள் வரி அலுவலகத்தில் இருந்தாள். அவர் இறைச்சித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, முதியோரின் சுதந்திரத்தின் மேல் தமக்குள்ள பெருமதிப்பை விளக்கி, அங்கேயே உத்தரவு போட்டார்: இனி எவரையும் எவரும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது நடைமுறைக்கு வரும்.

"ஏப்ரல்ல எவன்டா அடுப்பு முன்னாடி உக்காருவான்?" என்று ஸ்மாகுல் அண்ணன் என் காதில் கேட்டார்.

திங்கட்கிழமை காலை நான் ஜன்னலில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் அடுப்போரம் பூட்ஸை வைத்துவிட்டுப் பலகைமுன் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, நாங்கள் அசையவில்லை. பிறகு மிராஸே உள்ளே வந்தான்.

"பெரியப்பா, ஏப்ரல் வரைக்கும் பழைய விதிதான். பிப்ரவரிக்குப் புதுப் பாடத்திட்டமே வந்திருக்கு. கிளம்புங்க, இல்லேன்னா நான் மறுபடி ஸ்கூலுக்குப் பேச வேண்டியிருக்கும்."

சொல்லும்போது அவன் குல்சீராவைப் பார்த்தான். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கோட்டோடு நின்றிருந்தாள். நானும் அவளைத்தான் பார்த்தேன். அவள் 'போயிடுங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

"உக்காருங்க மிராஸ்," என்றாள். "வீட்டுக்கு வந்தவரு டீ குடிக்காமப் போகக் கூடாது."

கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துத் தேநீரை ஊற்றினாள். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. விளிம்பில் வந்து தளும்பி, மேசையில் ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் கெண்டியை நிமிர்த்தினாள்.

"தலைமையாசிரியர்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள்.

மிராஸ் கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு மாதம் எங்களுக்குப் பாடம் நடத்தியதில் அவனும் ஒரு பாடம் படித்திருந்தான். காது சிவந்தது. நிதானமாக, அவனுடைய முதல் வகுப்பில் சொல்லியபடியே, உணர்ந்து பருகினான்.

"யார் முறை?" என்றார் ஸ்மாகுல் அண்ணன்.

என் முறைதான். ஆனாலும் அவசரப்படாமல், ஜன்னல் ஓட்டையில் கண்ணை வைத்து அவன் போவதைப் பார்த்தேன். குளிரில் பஸ் இருமியது, விக்கியது, கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பியது. மக்களின் மகிழ்ச்சிக்காக அரசு செய்ததையெல்லாம் ஆயுள் முழுக்க அறிக்கையாக எழுதியவன் நான். கண்ணால் கண்டது இது ஒன்றைத்தான்: அரசு பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டை விட்டுப் போனது.