செடிக்குப் பிடித்த குடை

மனைவியின் ஞாபகத்துக்காக வல்லாரைச் செடி கொண்டுவரப் போனேன். மனைவியை மறந்துவிட்டு வந்தேன். இதை நானே ஒப்புக்கொள்வது நல்லது. என் மகள் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

ரோஸிக்கு மறதி தொடங்கியிருந்தது. தாம்பரத்து வீட்டு விலாசத்தைப் பாதியில் நிறுத்திவிடுவாள். மருத்துவர் மாத்திரை தந்தார். முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவனுக்கு அது போதுமா? பெருங்களத்தூர் நண்பர் வீட்டுக் கிணற்றடிச் சேற்றில் வல்லாரை படர்ந்திருந்தது. வேரோடு தருவதாகச் சொன்னார்.

ரோஸியைத் தனியே விட முடியாது என்று (ஆமாம், அதனால்தான்) கூடவே அழைத்துப்போனேன். அவளுக்கு முழங்கால் வலி. பெருங்களத்தூரில் இறங்கிய பஸ் நிறுத்தத்து பெஞ்சிலேயே உட்காரவைத்து, "எழுந்து எங்கேயும் போகாதே, இதோ வந்துடறேன்" என்றேன். செடி வெயிலில் வாடக்கூடாதென்று அவள் குடையையும் வாங்கிக்கொண்டேன்.

செடியைக் கொடுத்தவருக்கே அதை வளர்க்கும் விதம் பற்றி அரை மணிநேரம் பாடம் நடத்தினேன். அவர் தெருமுனையிலேயே ஷேர் ஆட்டோ கிடைத்தது. மடியில் செடி, அதன்மேல் விரித்த குடை. பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் ஓட்டை பேசின் ஒன்றில் சேறு குழைத்து, செடியை நட்டு, தண்ணீர் ஊற்றி, குடையை நிழலுக்குச் சாய்த்து வைத்தேன்.

"ரோஸி, வந்து பாரேன்!"

இரண்டாவது முறை கூப்பிடும்போது குரல் பாதியில் நின்றது.

திரும்பிப் போன ஆட்டோவில் ஒரு ஜெபம்கூட எனக்கு முழுதாக வரவில்லை. அவளிடம் போன் இல்லை. யாராவது கேட்டால் விலாசமும் சொல்லத் தெரியாது.

பெஞ்சுக்கு வெயில் வந்துவிட்டிருந்தது. பூக்காரம்மா ஒருத்தி ஈரச் சாக்கை ரோஸியின் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"இன்னா சார், படிச்ச மனுசனாட்டம் கீற? பைய மறப்பாங்க, பொண்டாட்டிய மறப்பாங்களா?"

ரோஸி என் சேற்றுக் கைகளைப் பார்த்தாள். "செடி வாடலையே?" என்றாள். பிறகு கொஞ்சம் பெருமையாக, "எழுந்து போகாதேன்னு சொன்னீங்கல்ல? ஞாபகம் வச்சிருந்தேன்."

அதன்பின் எங்கே கிளம்பினாலும் மகள் கேட்பாள்: "அப்பா, போன், சாவி, அம்மா, எல்லாம் எடுத்தாச்சா?" ரோஸிதான் அதிகம் சிரிப்பாள். கடைசி வருடம் என் பெயர்கூட அவளுக்கு நினைவில் இல்லை. "இவர் யாரும்மா?" என்றால், "என்னை பெஞ்சுல விட்டுட்டுப் போனவர்" என்பாள்.

வல்லாரை பேசினைத் தாண்டி இப்போது தோட்டம் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஞாயிறுதோறும் கல்லறைக்குக் கிளம்பும்போது மகள் கேட்கிறாள்: "அப்பா, போன், சாவி..."

அதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

"குடையும் எடுத்தாச்சு" என்கிறேன்.