லூப் போடாமல் தொட்டியை அளந்த கதை

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் சௌகரியம், அங்கு அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல்.

போன மாதம் உங்கள் வீட்டுக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், "இவனுக்குக் கம்ப்யூட்டர் வந்தா எனக்கு ரெக்கை முளைச்சிடும்" என்றீர்கள். சட்டையின் முதுகில் ரெண்டு ஓட்டை போட்டு வையுங்கள், ஆபீஸில் வைத்த கம்ப்யூட்டர் சோதனையில் நான் பாஸ்! தேறாவிட்டால் குழாய்க் கிடங்குக்குத் தூக்கியடிப்பேன் என்று எங்கள் பொறியாளர் சொல்லியிருந்தார். குடிநீர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தவன் துருப்பிடித்த குழாய்களோடு என்ன பேசுவேன், சொல்லுங்கள். கேள்வி இதுதான்: நம் ஊர் நிலத்தடித் தொட்டி மூடியே கிடக்கிறது, அதன் மட்டத்தை மெஷின்தான் தினமும் அனுப்பும். அப்படி முப்பது நாள் மட்டம் ஒரு லிஸ்ட். அதில் எத்தனை நாள் முந்தின நாளைவிட ஏறியிருக்கிறது? பூ, இவ்வளவுதானா, ஒவ்வொன்றாகத் தொட்டு அடுத்ததோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் ஆயிற்று என்றேன். வகுப்பெடுக்கும் பெண், நம் சின்னவள் வயசுதான், அப்படி ஒவ்வொன்றாகச் சுற்றி வருவதற்குப் பெயர் லூப், அந்த லூப்பே போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. கையைக் கட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்ன மாதிரி இருந்தது. மூன்று நாள் எனக்குத் தூக்கமே இல்லை.

நாலாம் நாள் மண்டையில் பளிச்சென்றது. எதையும் ரெண்டு நகல் எடுத்தே பழகிய கை இல்லையா? லிஸ்டை ரெண்டு பிரின்ட் எடுத்தேன். ஒன்றில் முதல் வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்றின் பக்கத்தில் தலை சேர வைத்தேன். அடடா அத்தான், ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்திலேயே அதன் மறுநாள் வந்து உட்கார்ந்துவிட்டது! கடைசி ஆளுக்கு ஜோடி கிடையாது, அவன் போகட்டும். மற்ற ஜோடிகளில் ஏறியதை மட்டும் வடிகட்டி எண்ண வேண்டியதுதான், யாரும் எங்கேயும் சுற்ற வேண்டாம். சோதனையன்று அதையே கம்ப்யூட்டரில் எழுதும்போது, அவசரத்தில் ரெண்டு லிஸ்டுக்குமே தலையை வெட்டித் தொலைத்தேன். அவனை அவனோடேயே ஒப்பிட்டால் என்ன வரும்? பூஜ்யம் வந்தது. பின்னாலிருந்த மீட்டர்காரர் களுக்கென்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம், ஒரு வெட்டை அழித்துவிட்டுத் தட்டினேன். இருபத்தொன்பது ஜோடியில் இருபத்திரண்டு ஏற்றம்! அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டது. "ஒரே வரி சார். நான்கூட இவ்ளோ சுருக்கமா எழுதியிருக்க மாட்டேன்." பொறியாளர் கை குலுக்கினார். கிடங்குப் பேச்சு ஒழிந்தது. மட்டம் இப்படி ஏறுகிறதே என்று, ரெண்டு வேளை விட்ட தண்ணீரை நாள் முழுக்கத் திறக்கவும் அங்கேயே உத்தரவு போட்டுவிட்டார். இன்று ஊரே என் புண்ணியத்தில் குளிக்கிறது.

அக்காவுக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

மின்விசிறிக்குக் கீழேயே இருக்கும்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது என் வீட்டுக்காரி அந்தப் பிரின்டை வாங்கிப் பார்த்தாள். "மேல இந்த மாசத் தேதி, கீழ போன மாசத் தேதியா இருக்கே?" என்றாள். மெஷின் புதுசை மேலே போட்டு, பழசைக் கீழே தள்ளுமாம். நான் மட்டத்தைப் பார்த்தேன், தேதியை யார் பார்த்தார்கள்? ஆக, நான் மறுநாள் என்று வைத்ததெல்லாம் முந்தின நாள், இருபத்திரண்டும் இறக்கம். முறை சரிதான் அத்தான், அதில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. பொறியாளர் போனை எடுக்க மாட்டேன் என்கிறார், குளித்துக்கொண்டிருக்கிறார் போல. உங்கள் வீட்டுக்கும் அதே தொட்டித் தண்ணீர்தானே, நீங்கள் முதலில் வீட்டிலுள்ள குடம், பக்கெட், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.