தப்புக்கு வைத்த நான்கு ரோல்ஸ்

பரீட்சையில் தொண்ணூற்றாறு புள்ளி எடுத்து, முதலாவதாக வந்து, அதே நாளில் பெயிலும் ஆன மனிதன் இந்த மலைநாட்டில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், ஒரு தேத்தண்ணி வாங்கித் தருகிறேன். (தேத்தண்ணி மட்டும்தான். ரோல்ஸ் தரமாட்டேன். காரணம் பின்னால் வரும்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மனேஜர். மனேஜர் என்றதும் கோட்டும் டையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வந்து, அதே கடையில் நான்கு வருஷம் மேசை துடைத்தவன் நான். கொழும்பில் இருந்த முதலாளி ஒருநாள் வந்து, ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணினவன் யார் என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன். அன்று மாலையே காசு மேசைக்குப் பின்னால் இருந்த உயரமான நாற்காலியில் என்னை ஏற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாற்காலிதான் எனக்குச் சனியன். அதற்கு முன்னால் நாங்கள் ஆறு பேர் மாடியில் ஒரே அறையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். ஹட்டன் குளிருக்குக் கம்பளியை இழுத்துக்கொள்வதில் சண்டை வரும், ஒருவன் காலை இன்னொருவன் வாருவான். மனேஜர் ஆனதும் எனக்கென்று தனி அறை கிடைத்தது. கட்டில், மெத்தை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பது கேட்கும். நான் கதவைத் திறந்தால் சிரிப்பு நின்றுவிடும், ஒருவன் எழுந்து இல்லாத துவாய்த் துண்டைத் தேடுவான். தேத்தண்ணி போடும் பழனி அதுவரை என்னை 'டேய் செல்வம்' என்றுதான் கூப்பிட்டான். இப்போது 'சொல்லுங்க மனேஜர்' என்றான். முதல் வாரம் அதை மரியாதை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இரண்டாவது வாரம்தான் விஷயம் விளங்கியது.

வீட்டுக்குப் போனாலாவது பழைய செல்வமாக இருக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கி வந்து என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்தில் புது விதி வந்தது. சாப்பாட்டுக் கடையைப் பொறுப்பாக நடத்துகிறவர் உணவுச் சுகாதாரப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத கடைக்கு ஜனவரியில் லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள். முதலாளி கொழும்பிலிருந்து போன் பண்ணினார். "செல்வம், பாஸ் பண்ணிரு. இல்லேன்னா பாஸ் பண்ணுன ஒருத்தன அந்த நாற்காலியில ஒக்கார வச்சிருவேன். நீ மறுபடி மேச தொடைக்கவும் வேணாம், வீட்டுக்கே போயிரலாம்" என்றார். லயத்துக்குத் திரும்பிப் போய், இரவல் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன், அன்றே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

பயிற்சி மூன்று நாள், ஒரு மண்டபத்தில். நடத்தியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊர் வழக்கில் பி.எச்.ஐ. ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தோல்பை, வெயிலடித்தாலும் கையில் குடை. முதல் நாள் என் பெயரைக் கேட்டார். இரண்டாம் நாள் அதை ஞாபகம் வைத்திருந்து, "செல்வராஜ், நீர் சொல்லும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வருஷமாக என்னிடம் 'சில்லறை இருக்கா' என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த வெறியில் நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். சோற்றை எத்தனை மணி நேரம் வைக்கலாம்? ஈ கறியில் விழாமல் கறிக்கு மேலே பறந்துவிட்டு மட்டும் போனால் அந்தக் கறியை என்ன செய்வது? பக்கத்தில் இருந்த பேக்கரி முதலாளி, போதும் தம்பி, என் கடைசி பஸ்ஸும் போகப்போகிறது என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

மூன்றாம் நாள் பாடம் தட்டைப் பற்றியது. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் போய் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வந்து முன்னால் அமரும். அதில் ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட், வடை எல்லாம் இருக்கும். வேண்டியதைச் சாப்பிடலாம், சாப்பிட்டதற்கு மட்டும் காசு. மிச்சம் கண்ணாடி அலுமாரிக்குப் போய், அங்கிருந்து அடுத்த மேசைக்குப் போகும். காலையில் கிளம்பிய ஒரு வடை சாயங்காலம் வரை பத்து மேசை ஏறி இறங்கும். எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், யாரும் எடுக்கமாட்டார்கள். (அந்த வருஷம் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.)

மேசைக்குப் போன பலகாரம் திரும்பி வரக்கூடாது என்று பி.எச்.ஐ. ஐயா ஒரு மணி நேரம் பேசினார். பரீட்சையில் அதையே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தொண்ணூற்றாறு புள்ளி. கைதட்டினார்கள். சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் எல்லாருக்கும் தேத்தண்ணியும் பலகாரமும் வந்தது. மேசைக்கு மேசை தட்டு.

பிறகு நடந்ததற்கு என் கைதான் பொறுப்பு, நானில்லை. மூன்று மேசையில் ரோல்ஸ் மிஞ்சிக் கிடந்ததை என் கண் பார்த்தது. நான்கு வருஷம் மேசை துடைத்த கை தானாக எழுந்து போனது. மூன்று தட்டையும் ஒரே தட்டாக்கினேன், வடையை ஓரமாக அடுக்கினேன், விரல் அமுங்கிய பக்கத்தைக் கீழே திருப்பினேன். கொண்டுபோய் பி.எச்.ஐ. ஐயாவுக்கு முன்னாலேயே வைத்து, "சாப்பிடுங்க சார்" என்றேன்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்புறம் பேக்கரி முதலாளி மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். ஐயா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, எழுத்திலை நீர்தான் முதலாம் ஆள்," என்றார். "ஆனா கை பெயில்."

என் சான்றிதழை மட்டும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் கடைக்கு வந்து பார்ப்பாராம். கை பாஸ் பண்ணுகிற அன்று தருவாராம்.

முதல் வியாழன் பதினொரு தப்பு கண்டுபிடித்தார். இரண்டாவது வியாழன் ஐந்து. நான் கடையையே தலைகீழாக்கினேன். தட்டு வைப்பதை நிறுத்தி, கேட்டதை மட்டும் இடுக்கியால் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். பலகாரம் எண்ணி வருவதைப் பார்த்து, ரெண்டு ரோல்ஸைத் தின்றுவிட்டு ஓடிவிடுவேன் என்றா நினைக்கிறீர்கள் என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு போனார். மூன்றாவது வியாழன் ஒரே ஒரு தப்புதான். அன்று ஐயா குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொதிப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு ஒரு பிளேன்டீ கேட்டார்.

"இந்த ஊருக்கு வந்து ஒண்டரை வருசம். கடையிலை குடிக்கிற முதல் தேத்தண்ணி இதுதான்," என்றார். ஊரில் உள்ள குசினி எல்லாம் பார்த்தவருக்கு எந்தக் கடையிலும் வாய் வைக்க மனம் வரவில்லையாம். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். இங்கே ரயில் ஸ்டேஷனுக்கு மேலே ஒரு அறை, மண்ணெண்ணெய் அடுப்பு, சோறு, ஒரு கறி. "கதைக்க ஆளில்லை. நான் வாசலுக்கு வந்தாலே எல்லாரும் கதையை நிப்பாட்டிப் போடுவினம்."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றேன். அரை மணி நேரம் இருந்தார். எதைப் பற்றிப் பேசினோம் என்று கேட்டால், முருங்கைக்காய் ஏன் ஹட்டனில் காய்க்காது என்பதைப் பற்றி.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மிச்சம் இருப்பது ஒரு தப்பு. அதையும் திருத்திவிட்டால் அடுத்த வியாழன் சான்றிதழைக் கொடுத்துவிடுவார், அப்புறம் அவர் இங்கே வருவதற்குக் காரணம் இல்லை. அழுக்கான கடைக்குத்தான் அவர் போகவேண்டும்.

நான்காவது வியாழன் குப்பை வாளியின் மூடியைக் கழற்றி வைத்தேன். (லேசாக, ஒரு பக்கம் மட்டும்.) அவர் பார்த்தார், குறித்துக்கொண்டார், உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். ஐந்தாவது வியாழனுக்காகச் சுண்டுவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்தேன். ஆறாவது வியாழன் கை கழுவும் இடத்தில் சவர்க்காரத்தை எடுத்து ஒளித்தேன். வாரம் முழுக்கச் சவர்க்காரம், சவர்க்காரம் என்று கத்துகிற நானே அதைச் சட்டைப்பையில் போடுவதைப் பழனி பார்த்துவிட்டான். "வியாழக்கெழமையானா ஒங்களுக்கு என்னமோ ஆயிருது மனேஜர்" என்றான்.

ஏழாவது வியாழன் டிசம்பர் பிறந்துவிட்டது. வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் இன்னும் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் என்று மனசு கெஞ்சியது. கடையில் தப்பு என்று வைக்க வேறு எதுவும் இல்லாததால், காலையில் யாரோ வாங்கிச் சாப்பிடாமல் மேசையில் விட்டுப்போன நான்கு மீன் ரோல்ஸைக் குப்பையில் போடாமல் ஒரு தட்டில் அடுக்கி, கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் ஐயா கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வந்தது முதலாளி. கொழும்பு ரயிலில், சொல்லாமல் கொள்ளாமல்.

"ஊர்ல எல்லாத்துக்கும் கெடச்சிருச்சு. ஒனக்கு மட்டும் ஏன்டா கெடைக்கல?" என்று கேட்டுக்கொண்டே வந்தவருக்குப் பசி. அலுமாரியைத் திறந்தார். அத்தனை பலகாரம் இருக்க, அவர் கை நேராக முன்வரிசைக்குப் போனது. நான் நாற்காலியிலிருந்து இறங்கி வருவதற்குள் இரண்டு ரோல்ஸ் உள்ளே போய், மூன்றாவதைப் பாதி கடித்திருந்தபோது பி.எச்.ஐ. ஐயா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அது எந்த மேசையிலை இருந்து வந்த தட்டு?" என்றார்.

புதிது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பு இல்லாமல் போய்விடுமே என்றுதான் அந்த நேரத்திலும் என் புத்தி போனது.

"முதலாளி, அது சாப்பிட வச்சதில்லீங்க," என்றேன். "தப்புக்கு வச்சது."

"தப்புக்கா?"

குசினியிலிருந்து எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நுவரெலியா பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் சாப்பிடுவதை நிறுத்தியது.

"தப்பு இருந்தாத்தான் சார் வருவாரு. அதான் வாரத்துக்கு ஒண்ணு வச்சேன். எனக்குப் பேச வேற ஆளில்லீங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மனேஜர் அழுகிறார், முதலாளி வாயில் எச்சில் ரோல்ஸ். பூமி பிளந்து விழுங்காதா என்று பார்த்தேன். ஹட்டன் பூமி பாறை, அசையவில்லை.

முதலாளி திட்டுவதற்காக வாயில் இருந்ததை விழுங்கினார். அதற்குள் ஐயா தோல்பையைத் திறந்து, ஒரு பொலித்தீன் உறையை எடுத்து என் மேசையில் வைத்தார். என் சான்றிதழ்.

"இன்னைக்குத் தப்பு இருக்கே சார்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"திகதியைப் பாரும்."

பார்த்தேன். நான்காவது வியாழன். குப்பை வாளி நாள்.

"மூடி கழண்டு கிடக்கேல்லை தம்பி, கழட்டி வைச்சிருந்தது. எனக்கு வித்தியாசம் தெரியாதே?" அவர் என்னைப் பார்க்காமல் குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்டைக்கே கையெழுத்து வைச்சிட்டன். பையிலை இருந்து எடுக்கத்தான் மனம் வரேல்லை."

 முதலாளி கையில் இருந்த பாதி ரோல்ஸைக் காட்டி, "அப்ப இத என்னங்க பண்றது?" என்று கேட்டார். "குப்பையிலை போடும். மூடியை ஒழுங்கா மூடும்" என்றார் ஐயா. பழனிதான் முதலில் சிரித்தான். பிறகு கடையே சிரித்தது. பழனி என் தோளில் அடித்து, "டேய் செல்வம், எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லடா" என்றான்.

அதன் பிறகு ஐயா எட்டோ ஒன்பதோ வியாழன்தான் வந்தார், தப்பு இல்லாமலே. அப்புறம் ஊர்ப்பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஒன்றிரண்டு கடிதம் வந்தது, நின்றுபோனது. அவருக்குப் பதிலாக வந்தவரும் நல்ல மனிதர்தான். கடை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டி வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்தார். நான் வெகுநாள்வரை வியாழக்கிழமைகளில் ஒரு பிளேன்டீ போடச் சொல்லி, நானே குடித்தேன்.

இப்போது தலவாக்கலையில் எனக்கென்று சின்னக் கடை. காலாவதியான அந்தச் சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பழனி என் கல்யாணத்தன்றே கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டதால், எங்கள் வீட்டுக்கு வந்தவர் யார் கிளம்பினாலும், 'அவர் திரும்பி வர ஒரு ரோல்ஸ் வச்சிருக்கீங்களா' என்று அவள் கேட்பாள். மகள் கொழும்பில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒரு முறை வருவாள். போன மாதம் அவள் கிளம்புகிற நேரத்தில், டீவி சரியாக வேலை செய்யவில்லை என்றேன். டீவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் கழற்றி வைத்த வயரையும் பார்த்தாள், சுவரில் இருந்த சான்றிதழையும் பார்த்தாள்.

"பெரிய தப்பாத்தான் இருக்குப்பா," என்றாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "அடுத்த மாசம் வந்துதான் பாக்கணும்."

வயரை நான் தொடவில்லை. அப்படியே கிடக்கிறது.